பாவமன்னிப்புக்கு நேரம் இருந்ததா?

எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்தது. பதினெட்டுப் பேர் செத்துப்போனார்கள். கட்டியது யார், எதனால் இடிந்தது, செத்தவர்கள் கூலியாட்களா வழிப்போக்கர்களா என்ற விவரம் எதுவும் லூக்கா எழுதிய நற்செய்தியில் இல்லை. பதின்மூன்றாம் அதிகாரத்தில் போகிற போக்கில் வந்துபோகிற சம்பவம். அதையொட்டி இயேசு ஒரு கேள்வி கேட்டார். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட இந்தப் பதினெட்டுப் பேர் பெரிய பாவிகள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை என்று பதிலையும் அவரே சொன்னார். கூடவே, மனம் திரும்பாவிட்டால் உங்களுக்கும் அழிவுதான் என்று ஓர் எச்சரிக்கையும் வைத்தார்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்தில் இந்தப் பகுதி பிரசங்கத்துக்கு எடுக்கப்படும்போதெல்லாம் எச்சரிக்கைதான் ஓங்கி ஒலிக்கிறது. அந்த ‘இல்லை’ ஒலிபெருக்கிச் சத்தத்தில் அமுங்கிப்போகிறது. பட்டாசுக்கு உயிர் கொடுக்கும் மண்ணில் அது அமுங்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

வெடி விபத்து நடந்த ஊரில் முதலில் எழும் கேள்விகள் எல்லாருக்கும் பொது. எந்த இடம், எத்தனை பேர், நம்ம ஊர் ஆள் யாராவது உண்டா? கிறிஸ்தவ வீடாக இருந்தால், அழுகை கொஞ்சம் ஓய்ந்த பிறகு இன்னொரு கேள்வி தலைகாட்டும். கத்தோலிக்க வீட்டில், பாவசங்கீர்த்தனம் பண்ணி எத்தனை நாளாச்சு என்று கேட்பார்கள். சி.எஸ்.ஐ. வீட்டில், கடைசியாக எப்போது ராப்போஜனம் எடுத்தான் என்பார்கள். பெந்தெகொஸ்தே வீட்டில், இரட்சிக்கப்பட்டிருந்தாளா என்பார்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்தான். ஆயத்தமில்லாமல் போன ஆத்துமா எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்?

ஐம்பத்து மூன்று முறை

மரணத்துக்கு ஆயத்தமாவது தமிழ்க் கத்தோலிக்கருக்கு வாழ்நாள் முழுவதும் நடக்கும் வேலை. ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்லும் கிழவி, உட்கார்ந்த இடத்தில் ஐம்பத்து மூன்று முறை தன் சாவு வேளைக்காக மாதாவிடம் மன்றாடிவிடுகிறாள். நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் சூசையப்பர். ஒரு பக்கம் இயேசு, மறு பக்கம் மரியாள் இருக்க உயிர் பிரிந்தவர் அவர் என்பது மரபு. அதைவிட நல்ல சாவு யாருக்கு வாய்க்கும்? புனிதர்களை எல்லாம் பெயர் சொல்லி அழைக்கும் பழைய மன்றாட்டு மாலையில், திடீர்ச் சாவிலிருந்தும் ஆயத்தமில்லாச் சாவிலிருந்தும் காப்பாற்றச் சொல்லித் தனியாக ஒரு வேண்டுதல் உண்டு. கொள்ளைநோயும் இடியும் பூகம்பமும் சூழ்ந்திருந்த ஐரோப்பாவில் பிறந்த வேண்டுதல் அது. வெம்பக்கோட்டைப் பக்கம் அதைச் சொல்கிறவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

கோவில்பட்டி அருகே காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோயிலுக்கு ஆகஸ்ட் 15 திருவிழாவில் இந்த வட்டாரத்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். வீரமாமுனிவர் ஊழியம் செய்த ஊர். மாதா ஆன்மாவோடும் உடலோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதைக் கொண்டாடும் நாள் அது. பட்டாசு ஆலைகளில் தீபாவளி ஆர்டருக்கு வேலை சூடுபிடிக்கும் பருவமும் அதுவே. மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மறுநாள் வெடிமருந்து அறைக்குள் போகிற பெண்கள் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

நல்ல சாவு என்றால் என்னென்ன வேண்டும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். கட்டில் வேண்டும். சுற்றிலும் பிள்ளைகள் வேண்டும். சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, அவஸ்தைப்பூசுதல் கொடுத்து, கடைசியாக நன்மை கொடுக்க வேண்டும். மருந்து அறையில் இதில் ஒன்றுக்கும் இடமில்லை. நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கும் அறை. ஓர் உராய்வு, கொஞ்சம் நிலைமின்சாரம், அன்றைக்கே தீர்க்காமல் மிச்சம் வைத்த கலவை ஆகிய மூன்றில் ஒன்று போதும். கத்துவதற்குக்கூட அவகாசம் இருக்காது.

இந்த மண்ணில் ஊழியக்காரர் ஒருவருக்கே அப்படித்தான் நடந்தது. தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட், ஜிப்ரால்டரில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்து அங்கேயே கல்லூரி ஃபெலோவாக இருந்தவர். சி.எம்.எஸ். மிஷனரியாக வந்து, 1854 முதல் வட திருநெல்வேலி என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தக் கரிசல் காட்டில் கூடாரத்தோடு ஊர் ஊராக அலைந்தார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் நுரையீரல் ரத்தக்குழாய் வெடித்துச் செத்துப்போனார். நாற்பத்து மூன்று வயது. கோதுமை மணி மண்ணில் விழுந்து சாக வேண்டும் என்ற வேதப் பகுதியோடு ராக்லண்டின் பெயரைச் சேர்த்துச் சொல்வது இன்றும் மிஷன் வட்டாரத்தில் வழக்கம். அவர் திடீரென்று போனாரே, ஆயத்தமாக இருந்தாரா என்று கேட்டவர்கள் இல்லை. பட்டாசுத் தொழிலாளியின் சாவில் மட்டும் அந்தக் கேள்வி ஏன் முளைக்கிறது?

கூட்டம் போட்டுப் பயமுறுத்துவது

இன்றிரவு உன் உயிர் போனால் எங்கே கண்விழிப்பாய் என்ற கேள்வியைக் கன்வென்ஷன் மேடைகளில் கேட்டுப் பழகியவர்கள் நாம். எழுப்புதல் கூட்டங்களில் அது பழைய முறை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நூற்றாண்டுகளாகக் கேட்ட கேள்விதான். மனந்திரும்புதலைத் தள்ளிப்போடாதே என்ற அளவில் அதில் நியாயம் உண்டு. ஆனால் பக்கத்து ஊரில் பிணங்கள் எரிந்த வாரத்தில், அந்தப் பிணங்களையே உதாரணம் காட்டி அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, செத்தவர்கள்மேல் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் விதவைக்கு அது எப்படிக் கேட்கும்? அவள் புருஷனைக் காட்டித்தான் மற்றவர்களை நரகத்திலிருந்து காப்பாற்றுகிறார்கள்.

மார்ட்டின் லூதர் 1519இல் சாவுக்கு ஆயத்தமாவது பற்றி ஒரு சிறு பிரசங்க நூல் எழுதினார். சாகப்போகிறவன் சாவையும் பாவத்தையும் நரகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, கிறிஸ்துவைப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். பிசாசு கடைசி நேரத்தில் காட்டுகிற படங்கள் அந்த மூன்றும்தான் என்றார். சீர்திருத்தச் சபைகளின் பிதாமகரே சொன்னது இது. இரட்சிப்பு கடைசி நிமிஷத்தில் எழுதும் பரீட்சை என்று அந்த வழி வந்தவர்கள் சொல்ல முடியாது. விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்பதே அவர்கள் இறையியலில் கணக்கு. வெடித்த நொடியில் ஜெபித்தாயா என்பது கணக்கில் வருவதே இல்லை. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் இல்லை, சபை அங்கத்துவம் இல்லை, நல்ல காரியம் செய்ய நாளும் இல்லை. அவன் கேட்டது ஒரே வாக்கியம். பரதீசு அன்றைக்கே கிடைத்தது.

கத்தோலிக்கப் போதனை இதே பயத்துக்கு வேறு வழியில் பதில் சொல்கிறது. நேரமில்லாமல் போனவருக்குச் சாவுக்கு அப்பாலும் சுத்திகரிப்பு உண்டு என்பதே உத்தரிக்கிற ஸ்தலம். 1439இல் புளோரன்ஸ் சங்கமும் 1563இல் திரெந்து சங்கமும் அதை உறுதிசெய்தன. மக்கபேயர் இரண்டாம் நூலில் யூதா, போரில் விழுந்தவர்களுக்காகக் காணிக்கை திரட்டி எருசலேமுக்கு அனுப்புவது அதற்குச் சொல்லும் ஆதாரங்களில் ஒன்று. அந்த நூல் புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இல்லாததால் சி.எஸ்.ஐ. வீடுகளில் செத்தவர்களுக்காகப் பூசை இல்லை, நினைவுகூர்தல் ஆராதனை மட்டும் உண்டு. இந்த வேறுபாடு ஐந்நூறு வருஷச் சண்டை. அதை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. வெடிச் சாவைத் தண்டனையாகப் பார்க்க இரண்டு பக்கத்துப் போதனையிலும் இடமில்லை என்பதே நமக்கு வேண்டியது.

தீக்காய வார்டில்

பட்டாசு விபத்தில் எல்லாரும் அந்த நொடியிலேயே போய்விடுவதில்லை. பலர் சிவகாசி அரசு மருத்துவமனைக்கும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கும் போய்ச் சேருகிறார்கள். முக்கால் உடம்பு வெந்தவர்கள்கூட முதல் சில மணி நேரம் நினைவோடு பேசுவார்கள். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்பார்கள். பார்க்கிறவர்களுக்குப் பிழைத்துவிடுவார் என்று தோன்றும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் உடம்பு கைவிடும். தீக்காயத்தைப் பார்த்துப் பழகிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இது தெரியும்.

இந்த இடைவெளிக்கென்றே எழுதினாற்போலச் சில விதிகள் 1983இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் இருக்கின்றன. நோயில்பூசுதலில் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூச வேண்டும். வெந்த உடம்பில் பூச நெற்றி எங்கே, கை எங்கே? அவசரத்தில் உடம்பில் வேறு ஏதாவது ஓர் இடத்தில் ஒரே ஒரு முறை பூசினால் போதும் என்கிறது 1000ஆம் எண் விதி. கையால் தொட முடியாத நிலையில் ஒரு கருவியைக் கொண்டும் பூசலாம். ஆள் செத்துவிட்டாரா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் என்ன செய்வது? சந்தேகம் இருந்தால் கொடுத்துவிடு என்கிறது 1005ஆம் எண். ஞானஸ்நானம் பெறாதவர் சாகும் தறுவாயில் கேட்டால் குருதான் வேண்டும் என்பதில்லை, சரியான நோக்கத்தோடு யார் தண்ணீர் ஊற்றினாலும் அது ஞானஸ்நானம். பக்கத்துப் படுக்கைக்காரரோ வார்டு ஆயாவோ கொடுக்கலாம்.

சட்டப் புத்தகத்தில் எண் போட்டு எழுதிய இந்த வரிகளில் எவ்வளவு அவசரமும் இரக்கமும் இருக்கின்றன என்று பாருங்கள். வாசலைப் பூட்ட வழி தேடும் கண் இதில் இல்லை, எப்படியாவது ஆளை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்ற தவிப்புதான் இருக்கிறது. பங்கு மக்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. சாமியார் வருவதற்குள் போயிட்டான், அவஸ்தை கிடைக்கலையே என்று வருஷக்கணக்கில் மனசில் வைத்துக் கரையும் தாய்மார் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கே போகாமல் ஆலையிலேயே போனவர்கள்? அவர்களுக்கு உத்தம மனஸ்தாபம் என்ற போதனை இருக்கிறது. தண்டனைக்குப் பயந்து வருந்தினால் அது குறை மனஸ்தாபம். கடவுள்மேல் உள்ள அன்பினால் வருந்தினால் உத்தம மனஸ்தாபம். பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாத இடத்தில், வாய்ப்புக் கிடைத்தால் செய்வேன் என்ற எண்ணம் உள்ளே இருக்குமானால், சாவான பாவத்துக்கும் அதனால் மன்னிப்பு உண்டு. அதற்கு வாய் திறக்க வேண்டியதில்லை. மனசு ஒரு முறை திரும்பினால் போதும். பிரான்சில் ஆர்ஸ் என்ற சிற்றூரின் பங்குச் சாமியார் ஜான் வியான்னியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பாலத்திலிருந்து குதித்துச் செத்தவனின் மனைவி, அவன் நரகத்துக்குத்தானே போயிருப்பான் என்று உடைந்துபோய் வந்து நின்றாள். பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் அவனுக்கு மனஸ்தாபப்பட நேரம் இருந்தது என்றாராம் அவர். தற்கொலைக்கே அந்த இரக்கம் உண்டென்றால், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காக மருந்து செலுத்திக்கொண்டிருந்தவளுக்கு இல்லாமலா போகும்?

எரிந்த உடல் எழுமா

மூடிய பெட்டி வீட்டு வாசலில் வந்து இறங்குவது இந்த வட்டாரத்தின் தனித் துயரம். முகத்தைப் பார்க்கவும் முத்தம் கொடுக்கவும் முடியாது. அடையாளமே தெரியாமல் கருகியிருந்தால் டி.என்.ஏ. சோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். உடல் உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கை சொல்கிறவர்களுக்கு அப்போது ஒரு சந்தேகம் எழுந்தே தீரும். எழுந்திருக்க உடம்பு எங்கே?

இந்தச் சந்தேகம் கிறிஸ்தவத்தின் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிட்டது. கி.பி. 177இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் விசுவாசிகளைச் சித்திரவதை செய்து கொன்றவர்கள், அவர்களுடைய உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். உயிர்த்தெழுவார்களாமே, எப்படி என்று பார்க்கலாம் என்பது கொன்றவர்களின் எண்ணம். யூசேபியுஸ் தம் திருச்சபை வரலாற்றில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். அந்தத் தியாகிகள் உயிர்த்தெழமாட்டார்கள் என்று எந்தச் சபையும் நம்பவில்லை. கி.பி. 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது அடக்கம் இல்லாமல் கிடந்த உடல்களைப் பற்றி அகுஸ்தீனார் ‘கடவுளின் நகரம்’ நூலின் தொடக்கத்திலேயே எழுதினார். அடக்கம் இல்லாததால் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, அடக்கச் சடங்கு உயிரோடிருப்பவர்களின் ஆறுதலுக்காக என்றார். அதே நூலின் கடைசிப் பகுதியில், தீயிலும் மிருகங்களின் வயிற்றிலும் போன உடல்களைக்கூடப் படைத்தவரால் திரும்பக் கூட்ட முடியும் என்று வாதாடினார்.

நம் பக்கத்தில் ஓரியூர் இருக்கிறது. அருளானந்தர் என்று ஜனங்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோவின் தலை 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே வெட்டப்பட்டது. உடலையும் முறைப்படி அடக்கம் செய்ய விடவில்லை. 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அங்கிருந்து செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துவந்து நோய்க்குப் பூசுகிறார்கள், மதம் பார்ப்பதில்லை. அந்த மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிறவர், தன் மகனின் உடல் முழுசாகக் கிடைக்கவில்லையே, மோட்சம் கிடைக்குமா என்று அஞ்ச வேண்டியதில்லை. தகனத்துக்கே 1963இல் ரோம் அனுமதி கொடுத்துவிட்டது. சாம்பலைத் தூவக் கூடாது, வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் விளக்கமும் வந்தது. தீ உடலைத் தொட்டதால் உயிர்ப்பு இல்லை என்று அந்த விளக்கத்திலும் சொல்லவில்லை.

சொல்லாமல் நம்பியவர்கள்

ஓர் அறையில் நான்கு பேர். ஒருத்தி கத்தோலிக்கர், ஒருத்தி சி.எஸ்.ஐ., இரண்டு பேர் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டாசு ஆலையில் இது சாதாரணம். காலையில் ஒரே வேனில் போனவர்கள், மதியம் ஒரே தூக்குச் சட்டியில் கைநனைத்தவர்கள். நான்கு பேரும் ஒன்றாகப் போனால் நால்வருக்கும் நான்கு முடிவா?

சிவகாசிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வசதியான இந்து நாடார் குடும்பங்களுக்குள் இயேசுவை நம்பிய பெண்கள் இருந்தார்கள். மிஷன் பெண்களிடம் வேதம் கேட்டு மனதில் ஏற்றுக்கொண்டார்கள். குடும்பத்தையும் உறவையும் விட்டு வெளியேறாமல், வீட்டுக்குள்ளேயே மறைவாக ஜெபித்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் எலைசா கென்ட் 2011இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இவர்களைச் சிவகாசியின் இரகசியக் கிறிஸ்தவர்கள் என்று குறிப்பிடுகிறார். 1899இல் சிவகாசியில் நடந்த சாதிக் கலவரத்தின் சூட்டிலிருந்து மீண்டு, தொழிலில் எழுந்து நின்ற சமூகம் அது. பெண் ஒருத்தி வெளிப்படையாகச் சபை சேர்வது குடும்பத்தையே உலுக்கியிருக்கும். சபைப் பதிவேட்டில் இடம்பெறாத அந்தப் பெண்கள் செத்தபோது எந்தப் பக்கம் சேர்ந்தார்கள்?

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டின் பதினாறாம் பத்தி இதற்குப் பதில் தருகிறது. தம் குற்றமில்லாமல் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதவர்கள், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டும் வழியில் நடந்தால் அவர்களும் மீட்படைய முடியும் என்கிறது. அதற்கு முன்பே, அமெரிக்காவின் பாஸ்டனில் லெனார்ட் ஃபீனி என்ற குரு, கத்தோலிக்கச் சபையில் வெளிப்படையாகச் சேராத எவருக்கும் மோட்சம் இல்லை என்று கடுமையாகப் போதித்தபோது, 1949இல் ரோமிலிருந்து வந்த கடிதம் அந்த விளக்கத்தை மறுத்தது. 1953இல் அவர் சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். கிறிஸ்துவை வாயால் அறிக்கையிடாமல் இரட்சிப்பு இல்லை, அதைச் சொல்லாமல் விடுவதுதான் அன்பில்லாத்தனம் என்று சொல்லும் போதகர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் கையிலும் வசனங்கள் இருக்கின்றன.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் செத்த ஏறக்குறைய நாற்பது பேரில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. முதல் தீயைப் பார்த்து உதவிக்கு ஓடியவர்களும் என்னவென்று பார்க்கக் கூடியவர்களும் அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். 2017 ஜூலை 11 அன்று போப் பிரான்சிஸ் ஒரு திருமடல் வெளியிட்டார். பிறர்மேல் கொண்ட அன்பினால், சாவு நிச்சயம் என்று தெரிந்தும் உயிரைக் கொடுத்தவர்களை அருளாளர் பட்டத்துக்குப் பரிசீலிக்க அது தனி வழி திறந்தது. வேதசாட்சி மரணம் ஒரு வகை, நெடுநாள் புண்ணிய வாழ்வு ஒரு வகை என்றிருந்த பழைய வரிசையில் இது புதிய வகை. முதலிப்பட்டியில் ஓடியவர்களுக்கு யாரும் பட்டம் கேட்கப்போவதில்லை. ஆனால் அவர்கள் எந்த மதம், எந்தச் சபை என்று விசாரித்துவிட்டா அவர்களின் மறுமையை நிர்ணயிக்க முடியும்?

‘கர்த்தர் எடுத்துக்கிட்டார்’

என்னை நீண்ட நாளாக உறுத்துவது நரகப் பிரசங்கம்கூட இல்லை. ஆறுதல் என்று நினைத்துச் சொல்லும் இன்னொரு பேச்சு. கர்த்தர் எடுத்துக்கிட்டார். தேவ சித்தம் அப்படி. கடவுளுக்கு அவளைப் பிடிச்சுப்போச்சு. அடக்க ஆராதனையில் இதைக் கேட்காத நாள் இல்லை. நோயாளியின் கட்டிலருகே இதைச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். நான்கு பேருக்கு உரிய அறையில் அதற்கு மேல் ஆட்களை உட்காரவைத்து, உள்குத்தகைக்கு விட்டு, மரத்தடியில் மருந்து கலந்து, அது வெடித்த பிறகு கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்றால், மனிதர் செய்ததெல்லாம் கடவுள் கணக்கில் ஏறிவிடுகிறது. மேடையிலிருந்து பாவத்துக்குத் தண்டனை என்பவரும் வீட்டு வாசலில் தேவ சித்தம் என்பவரும் செய்வது ஒன்றேதான். இருவரும் உராய்வையும் நெரிசலையும் பேச்சிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஐந்தாம் நாள் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் பூசி, மனிதன் மண்ணுக்குத் திரும்புகிறவன் என்று நினைவூட்டும் நாள். 2024 மே 9 அன்று செங்கமலப்பட்டியில் பத்துப் பேர். அந்த வியாழன், உயிர்ப்புத் திருநாளிலிருந்து எண்ணி நாற்பதாம் நாள், சி.எஸ்.ஐ. நாட்காட்டியில் கிறிஸ்து பரமேறிய நாள். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் செத்த பத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் பெண்கள். அதிலிருந்து இரண்டு வாரத்தில் கல்லறைத் திருநாள். திருவழிபாட்டு ஆண்டும் பட்டாசுப் பருவமும் இப்படித் தொடர்ந்து மோதிக்கொள்வதைப் பார்க்கும் சபைகளுக்குச் சாவைப் பற்றிப் பேச விஷயம் தேட வேண்டியதில்லை. எதைப் பேசுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

கிறிஸ்தவ நம்பிக்கையில் சாவு கடவுளின் கையாள் கிடையாது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், கடைசியாக ஒழிக்கப்பட வேண்டிய சத்துரு என்று சாவைத்தான் குறிப்பிடுகிறார். லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு அழுதார். எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். எல்லாம் பிதாவின் சித்தம் என்று மார்த்தாளுக்குச் சொல்லிவிட்டு அவர் போய்விடவில்லை. இவ்வளவையும் வாசித்துவிட்டு, ஆலை விபத்தில் போன பெண்ணின் பெட்டிமுன் நின்று தேவ சித்தம் என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனசு வருகிறது?

மறுமையைப் பற்றிய நம்பிக்கை இம்மையின் பாதுகாப்பைப் பற்றிய அக்கறையைக் குறைக்கிறது என்பது பழைய குற்றச்சாட்டு. இந்த வட்டாரத்தில் அது பொய் என்று காட்டச் சபைகளுக்கு வழி இருக்கிறது. அறைக்குள் ஐந்தாவது ஆளாக உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று எழுந்துவருவது அவிசுவாசம் ஆகாது என்று பீடத்திலிருந்து ஒரு ஞாயிறு சொல்லலாம். உயிர் கடவுளின் கொடை என்று போதிக்கிறவர்கள் அந்தக் கொடையைக் காப்பது எப்படி என்றும் போதிக்க வேண்டும். பெண்கள் ஐக்கியத்திலும் வாலிபர் கூட்டத்திலும் மரியாயின் சேனையிலும் இருப்பவர்களில் பாதிப் பேர் ஆலைக்குப் போகிறவர்களாகவோ அவர்கள் வீட்டாராகவோ இருக்கும் பங்குகளில் இதைப் பேசுவது அரசியல் ஆகாது.

2013இல் தீபாவளியும் கல்லறைத் திருநாளும் நவம்பர் 2ஆம் தேதி ஒரே நாளில் வந்தன. மற்ற வருஷங்களிலும் இரண்டும் சில நாளோ இரண்டொரு வாரமோ இடைவெளியில் வந்துபோகின்றன. கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்லும் அந்த நாளில் அந்தந்த வீட்டார் தங்கள் ஆட்களுக்காக வேண்டிக்கொள்கிறார்கள். அதோடு நிறுத்த வேண்டியதில்லை. உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது சட்டத்தின் 901ஆம் எண். ஞானஸ்நானம் பெற்றவருக்கு மட்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை. அந்த ஆண்டு வெடித்துப் போனவர்கள் எல்லாருக்காகவும், இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பிரிக்காமல், பூசைக் கருத்து நோட்டில் ஒரு வரி எழுதலாம். சி.எஸ்.ஐ. கோயிலில் அதே வீடுகளுக்காக மன்றாட்டு ஜெபம் ஏறெடுக்கலாம், பிள்ளைகளின் படிப்புக்குக் காணிக்கை எடுக்கலாம். பூசைக்குப் பணம் கொடுக்க முடியாத ஏழைகள் கேட்டால் காணிக்கை வாங்காமலே ஒப்புக்கொடுக்கும்படி 945ஆம் எண் விதி குருக்களுக்குப் பரிந்துரை செய்கிறது. கணவனை ஆலையில் இழந்த பெண் கையில் காசில்லாமல் பங்கு அலுவலகத்துக்கு வந்து நின்றாலும் கேட்க அவளுக்கு உரிமை உண்டு.